மின்னூல் ஒரு கருவியில் சரியாகவும் இன்னொன்றில் குழப்பமாகவும் தெரிந்தால்: பிழையைக் கண்டறிந்து திருத்தும் முறை

கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ் மின்னூல், மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட வாசிப்புக் கருவிக்குப் போனதும் வெறும் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம் மாறிய எழுத்துகளாகவோ தெரிவதுண்டு. அப்போது பெரும்பாலோர் அந்தக் கோப்பைக் காலிபர் மென்பொருளில் போட்டு வேறு வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். முதல் வேலையாக அதைச் செய்யக் கூடாது. வடிவம் மாற்றும்போது காலிபர், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் விதிகளைத் தன் போக்கில் திருத்தி எழுதும். அத்தியாயக் கோப்புகளை வேறு இடங்களில் வெட்டும். பிழையான எச்டிஎம்எல் குறிகளைச் சொல்லாமலேயே ஒழுங்குபடுத்தும். சில வேளை அதனால் நூல் சரியாகிவிடும். சரியாகாவிட்டாலோ, மூலக் கோப்பில் இருந்த பிழையோடு மாற்றத்தில் சேர்ந்த பிழையும் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்துத் தனியே வைத்துவிட்டு, திரையில் தெரியும் கோளாறு எந்த வகை என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

கோப்பா, அது வந்த வழியா, கருவியா

கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: கோப்பு, கோப்பு கருவிக்குப் போய்ச் சேர்ந்த வழி, கருவிக்குள் இருந்து பக்கத்தை வரையும் இயக்கி. இவற்றைப் பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். சிக்கலான கோப்பை வேறொரு நிறுவனத்தின் கருவியிலோ செயலியிலோ திறந்து பாருங்கள். பிறகு, சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு தமிழ் மின்னூலைச் சிக்கல் தரும் கருவியில் ஏற்றிப் பாருங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியாகும் நூல்கள் இந்தச் சோதனைக்கு உதவும். அந்தத் தளத்தில் ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று தனியாக ஒன்று இருப்பதற்குக் காரணமும் இதே சிக்கல்தான்: தமிழை வரையத் தெரியாத பழைய கிண்டில்களுக்காக, எழுத்துகளைப் பக்கத்திலேயே நிலையாகப் பதித்துக் கொடுத்த ஏற்பாடு அது.

நல்ல நூலும் அந்தக் கருவியில் கெட்டுத் தெரிந்தால் கோளாறு கருவியில் இருக்கிறது. கோப்பைத் தொட வேண்டாம். நல்ல நூல் சரியாகத் தெரிந்து இந்த நூல் மட்டும் கெட்டால், கோப்பையோ அது வந்த வழியையோ சந்தேகிக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கணினியில் உள்ள காலிபர் வாசிப்பான் மிகவும் தாராளமானது. முழு உலாவி இயக்கியைக் கொண்டு, பிழையான குறிகளையும் பொறுத்துக்கொண்டு காட்டிவிடும். அதில் நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்துக் கோப்பு சரியானது என்று முடிவு கட்ட இயலாது.

வழியைப் பொறுத்தவரை, மின்னூல்களின் பொது வடிவமான ஈபப் கோப்பைக் கிண்டில் நேரடியாகத் திறப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2022 முதல், நம் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்பும் சென்ட் டு கிண்டில் சேவை ஈபப்பை ஏற்றுக்கொள்கிறது என்றாலும், அது அமேசானின் கணினிகளில் கிண்டிலுக்கு உரிய வடிவத்துக்கு மாற்றப்பட்ட பிறகே கருவிக்கு வருகிறது. அதாவது, நீங்கள் அனுப்பிய கோப்பும் திரையில் பார்க்கும் கோப்பும் ஒன்றல்ல. கோபோ கருவிகளில் வேறு மாதிரியான இரட்டை வழி உண்டு. கோப்பின் பெயர் வெறும் ஈபப் என்று முடிந்தால் அடோபியின் இயக்கி பக்கத்தை வரையும். கேஈபப், புள்ளி, ஈபப் என்று முடிந்தால் ஆக்சஸ் நிறுவனத்தின் இயக்கி வரையும். ஒரே கோப்பை இரண்டு பெயர்களில் ஏற்றி ஒப்பிடுவது, கோளாறு கோப்பினுடையதா இயக்கியினுடையதா என்பதைக் கண்டுபிடிக்க நல்ல வழி. இரண்டாம் பெயரில் சரியாகத் தெரிந்தால், பெயர் மாற்றத்தோடு நிறுத்தாமல் கேபபிஃபை என்ற கருவியால் முறையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்; வெறுமனே பெயர் மாற்றிய கோப்பில் அடிக்கோடிடுதலும் குறிப்பெடுத்தலும் ஒழுங்காக வேலை செய்யா.

எழுத்துகள் கெட்டிருந்தால்

தமிழ் நூல்களில் அதிகம் காணப்படுவது இந்தக் கோளாறுதான். கெட்ட எழுத்து எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும் என்பதால், அவசரப்படாமல் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு உற்றுப் பாருங்கள்.

வரி முழுவதும் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால், உரை சரியாக இருக்கிறது. அதைக் காட்டத் தமிழ் எழுத்துரு இல்லை. கிண்டில், கோபோ இரண்டிலுமே கருவியைக் கணினியோடு இணைத்து, ஃபான்ட்ஸ் என்ற கோப்புறையில் தமிழ் எழுத்துருவைப் போட்டு, வாசிக்கும்போது எழுத்துருப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ், லோஹித் தமிழ், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. நூலை உருவாக்குபவர் நீங்களே என்றால் எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்துவிடுவது நல்லது. பதித்த பிறகும் கட்டங்கள் தெரிந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்: நூலுக்குள் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ஓபிஎஃப் கோப்பில் எழுத்துரு இடம்பெற்றிருக்கிறதா, ஸ்டைல் கோப்பில் எழுதிய பாதை அந்த ஸ்டைல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்பட்டிருக்கிறதா, வாசிப்பவரின் கருவியில் பதிப்பாளர் எழுத்துரு என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா.

இவை மூன்றும் சரியாக இருந்தும் எழுத்துரு வேலை செய்யவில்லை என்றால், அது குழப்பிக் கலைக்கப்பட்ட எழுத்துருவாக இருக்கலாம். இன்டிசைன் போன்ற மென்பொருள்கள், எழுத்துருவை யாரும் உருவி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அதன் தொடக்கப் பகுதியை மட்டும் கலைத்து வைக்கின்றன. ஈபப் தரத்தின் முறையில் முதல் 1,040 பைட்டுகளும், அடோபியின் முறையில் முதல் 1,024 பைட்டுகளும் கலைக்கப்படும். அவற்றை மீட்கும் திறவுகோல் நூலின் அடையாள எண்ணிலிருந்து உருவாகிறது. பின்னாளில் யாராவது அந்த அடையாள எண்ணை மட்டும் மாற்றிவிட்டால், பூட்டு மாறாமல் சாவி மாறிய கதையாக எழுத்துருவைத் திறக்கவே முடியாது. ஈபப்பை விரித்தால் தெரியும் மெட்டா-இன்ஃப் கோப்புறைக்குள் என்கிரிப்ஷன் என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்து, அதில் எழுத்துருக்கள் பட்டியலிடப்பட்டிருந்தால் இந்தச் சந்தேகம் வலுப்படும். கலைக்கப்படாத மூல எழுத்துருவை மறுபடி பதித்து, அந்தப் பட்டியலில் உள்ள குறிப்பை நீக்கினால் சிக்கல் தீரும்.

அடுத்த வகை, தமிழுக்குப் பதிலாக விசித்திரமான இலத்தீன் குறிகள் தெரிவது. இதில் இரண்டு உட்பிரிவுகள் உண்டு; மருந்தும் வேறு வேறு. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் இரண்டு மூன்று குறிகள் வந்து, தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுதிய வணிகப் பதிவுக் குறியும் வரிக்கு வரி திரும்பத் திரும்ப வந்தால், உரை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சரியாகவே இருக்கிறது. வாசித்த மென்பொருள்தான் அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று எண்ணிக்கொண்டது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் எடுப்பதும், முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருப்பதும்தான் அந்த ஏ எழுத்து ஓயாமல் வரக் காரணம். எக்ஸ்எம்எல் விதிப்படி குறியாக்கம் குறிப்பிடப்படாவிட்டால் யூடிஎஃப்-8 என்றே கொள்ள வேண்டும் என்பதால் சரிபார்ப்புக் கருவிகள் இதைப் பிழை என்று சொல்வதில்லை. ஆனால் சென்ட் டு கிண்டில் வழியாகப் போகும் கோப்புகளில் இந்தக் கோளாறு நன்கு அறியப்பட்ட ஒன்று. ஈபப் நூல்களைத் திருத்த உதவும் சிஜில் மென்பொருளில் நூலைத் திறந்து, ஒவ்வோர் அத்தியாயக் கோப்பின் முதல் வரியாக யூடிஎஃப்-8 என்று குறியாக்கத்தைச் சொல்லும் எக்ஸ்எம்எல் அறிவிப்பு இருக்கும்படி செய்தால் போதும்.

மாறாக, தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளே வரிசையாகத் தெரிந்தால், அந்த நூல் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. இங்கே உரையே ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்த எழுத்துரு, இந்தக் கருவியில் இல்லாததால் முகமூடி கழன்றுவிட்டது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நாடுகளிலும் தட்டச்சான பழைய நூல்களில் இதைப் பரவலாகக் காணலாம். பாமினி எழுத்துருவையே நூலில் பதித்து அனுப்புவது தீர்வு ஆகாது. தேடல், அகராதி, உரை ஒலிப்பு எதுவும் அதில் வேலை செய்யாது. என்எச்எம் மாற்றி, ஓப்பன்-தமிழ் போன்றவற்றைக் கொண்டு உரையை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது நூலில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறிவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வகை: தமிழ் எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு வலப்பக்கம் போய் நிற்கின்றன, அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் ஏறி நிற்கின்றன. ஒருங்குறியில் மெய் முதலிலும் கொம்பு அதற்குப் பின்னும் சேமிக்கப்படும். திரையில் வரையும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது இயக்கியின் பொறுப்பு. அந்த வேலையைச் செய்யாத பழைய இயக்கிகளில் எல்லாத் தமிழ் நூலும் இப்படித்தான் தெரியும். கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கலாம். கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு வகைக் கருவிகளில் கேஓரீடர் என்ற திறமூல வாசிப்பானை நிறுவி, அதன் எழுத்துரு அமைப்பில் கெர்னிங் என்பதைப் பெஸ்ட் என்று வைத்தால் ஹார்ஃப்பஸ் நூலகம் முழுமையாக இயங்கி எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும்.

கொம்பு சரியான இடத்தில் நின்று, கு, சு, டு, மூ போன்ற உகர ஊகார எழுத்துகள் மட்டும் இரு துண்டாகப் பிரிந்து தெரிந்தால் குற்றம் இயக்கியுடையது அன்று. இவ்வடிவங்களுக்கு ஒருங்குறியில் தனி எண் கிடையாது. அவை எழுத்துருவுக்குள் இருக்கும் கூட்டு வடிவங்கள். கோப்பின் அளவைக் குறைப்பதற்காக எழுத்துருவில் பயன்படாத வடிவங்களை வெட்டி எறியும் சில கருவிகள், எண் இல்லாத இந்த வடிவங்களையும் சேர்த்து எறிந்துவிடுகின்றன. முழு எழுத்துருவைப் பதியுங்கள். சில நூறு கிலோபைட்டுகளை மிச்சப்படுத்தப் போய் உகரத்தை இழப்பது நல்ல பேரம் இல்லை.

புள்ளி வட்டம் எல்லாக் கருவிகளிலும் ஒரே இடங்களில் தெரிந்தால், உரையிலேயே கொம்பு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னே நிற்கும். அரைகுறையான மாற்றி அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டது. ஒரு சொல்லின் தொடக்கத்தில், இடைவெளியை அடுத்துக் கொம்பு தனியே வந்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம். சரியான ஒருங்குறி உரையில் அப்படி வரவே வராது. காலிபரின் நூல் திருத்தியில் தேடலை, எழுத்துகளின் அமைப்பைக் கொண்டு தேடும் ரெஜெக்ஸ் முறைக்கு மாற்றி, ([ெேை])([க-ஹ]) என்று தேடி \2\1 என்று மாற்றலாம். ஆனால் அத்தியாயம் முழுவதுமே பழைய வரிசையில் இருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும். சரியான உரையும் கலந்திருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால், ஒழுங்காக இருந்த "கெட" என்பது "கடெ" என்று ஆகிவிடும். மாற்றம் முடிந்த பிறகு கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் ஒகர எழுத்துகளை என்எஃப்சி இயல்பாக்கத்தால் ஒற்றைக் குறியாக்கிவிட்டால், தேடலிலும் பின்னர் தொல்லை வராது.

துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தை அடித்து வைத்திருக்கும் நூல்களும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால், எழுத்துரு மாறும்போதுதான் குட்டு வெளிப்படும். "பாடல்" என்று தேடினால் கிடைக்காமல், "பரடல்" என்று தேடினால் கிடைக்கும். இதைத் தானியங்கியாகத் திருத்த வழியில்லை. பிழைதிருத்துநர்தான் உட்கார வேண்டும்.

நூல் திறக்கவே இல்லை, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

முதலில் கோப்பின் அளவைக் கணினியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கம்பியை முறையாகத் துண்டிக்காமல் பிடுங்கியதால் பாதி நகலான கோப்பே பல புகார்களுக்குக் காரணம். அளவு பொருந்தினால், உள்ளே பார்க்க வேண்டும். ஈபப் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதற்குள் மைம்டைப் என்ற சிறு கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. கோப்பை விரித்துத் திருத்திவிட்டுச் சாதாரண முறையில் மறுபடி சுருக்குபவர்கள் இந்த வரிசையைக் கெடுத்துவிடுகிறார்கள். மேக் கணினியில் சுருக்கினால் வேண்டாத கோப்புறையும் சேர்ந்துகொள்ளும். சில வாசிப்பான்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை, சில அடியோடு மறுக்கின்றன. சிஜிலில் திறந்து வேறு பெயரில் சேமித்தால் பொட்டலம் ஒழுங்காகக் கட்டப்படும்.

அடுத்து ஈபப்செக் என்ற அதிகாரபூர்வச் சரிபார்ப்பியை ஓட்டுங்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சிக்காக டெய்சி கூட்டமைப்பு பராமரிக்கும் இலவசக் கருவி இது. நூற்றுக்கணக்கான பிழைகளைக் கொட்டினால் மலைக்க வேண்டாம். ஒரு குறி மூடப்படாமல் விட்டதே அடுத்தடுத்த பல பிழைகளாகத் தெரியும். பட்டியலின் முதல் பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டுவதே சரியான முறை.

ஓர் அத்தியாயம் ஒரு குறிப்பிட்ட சொல் வரை வந்து வெட்டுப்பட்டதுபோல நின்றுவிட்டால், அந்தச் சொல்லுக்கு அடுத்த இடத்தைப் பாருங்கள். நிறுவனப் பெயர்களில் வரும் & குறி, & என்று எழுதப்படாமல் அப்படியே விடப்பட்டிருக்கலாம்; அல்லது வேர்ட் கோப்பிலிருந்து வந்த, உடையாத இடைவெளியைக் குறிக்கும் என்பிஎஸ்பி என்ற பெயர்க் குறி இருக்கலாம். ஈபப் 3 கோப்புகளில் அந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்பதால் கண்டிப்பான இயக்கி அங்கேயே நின்றுவிடும். பெயருக்குப் பதில்   என்ற எண்வழிக் குறியை இட வேண்டும்.

பக்கம் திருப்ப நெடுநேரம் ஆகிறது, நீண்ட அத்தியாயத்தில் கருவி உறைந்துபோகிறது என்றால், அத்தியாயக் கோப்பின் அளவே காரணமாக இருக்கலாம். அடோபி இயக்கியில் ஓடிய பழைய கருவிகளில் ஒரு தனிக் கோப்பு ஏறத்தாழ 300 கிலோபைட்டுக்கு மேல் போனால் தடுமாறும். காலிபர் ஈபப்பாக மாற்றும்போது 260 கிலோபைட்டில் வெட்டுவது அதனால்தான். "தமிழ்" என்ற சொல் மட்டுமே 15 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது என்பதால், ஆங்கில நூலுக்கு விசாலமான இந்த எல்லையைத் தமிழ் நாவலின் நீண்ட அத்தியாயம் எளிதில் தாண்டிவிடும். சிஜிலில் காட்சி மாறும் இடங்களாகப் பார்த்து அத்தியாயத்தைப் பிரித்துவிடுங்கள்.

படங்கள் மட்டும் தெரியவில்லை என்றால் கோப்புப் பெயரின் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்; விண்டோஸ் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் அடிப்படையிலான கருவிகள் பொருட்படுத்தும். உள்ளே இருக்கும் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதைத் தவிர்க்கவும். வெப்பி (WebP) வகைப் படங்களும், அச்சுக்கு உரிய நான்கு வண்ண முறையில் உள்ள ஜேபெக் படங்களும் பல கருவிகளில் தெரியா. சாதாரண ஜேபெக்காக மாற்றிவிடுங்கள்.

அமைப்பு குலைந்திருந்தால்

ஒரு கருவியில் மட்டும் தலைப்பு, பத்தி இடைவெளி, சாய்வெழுத்து எல்லாமே மறைந்து மொட்டையாகத் தெரிந்தால், ஸ்டைல் கோப்பு முழுவதுமாக நிராகரிக்கப்பட்டிருக்கிறது. அடோபி இயக்கி, தனக்குப் புரியாத முறையில் எழுதிய ஒரு விதியைக் கண்டால் அதை மட்டும் ஒதுக்காமல் மொத்தக் கோப்பையும் ஒதுக்கிவிடும் இயல்புடையது. புதிய வலைத்தளங்களிலிருந்து நகலெடுத்த, கணக்கீடு செய்யும் விதிகளை நீக்கிப் பாருங்கள். இருள் திரையில் உரை மறைந்தால், எழுத்துக்குக் கறுப்பு நிறம் என்று வலிந்து எழுதிய விதியை எடுத்துவிட வேண்டும்.

இரு ஓரமும் சீராக்கிய பத்திகளில் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழுவது தமிழ் நூல்களுக்கே உரிய தொல்லை. நீண்ட கூட்டுச் சொற்களை உடைக்கத் தெரியாத இயக்கி இடைவெளியைத்தான் நீட்டும். இடப்பக்கம் மட்டும் சீராக்குவது எளிய வழி. நூலின் மொழி எது என்ற விவரத்தில் ஆங்கிலம் என்றோ, காலியாகவோ விடப்பட்டிருந்தால் அதையும் தமிழுக்கு உரிய இரண்டெழுத்துக் குறியாக (ta) மாற்றுங்கள். சொல் உடைப்பு, எழுத்துருத் தேர்வு, உரை ஒலிப்பு ஆகிய மூன்றும் இந்த ஒரு சொல்லை நம்பியிருக்கின்றன. சென்ட் டு கிண்டில் ஒரு நூலைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பும்போதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த மொழி விவரம்தான். அடுத்து, பட முகவரி இல்லாமல் வெறுமனே கிடக்கும் படக் குறிகளையும், நூலில் இல்லாத இடத்துக்குப் போகும் பொருளடக்க இணைப்புகளையும் பாருங்கள்.

பணம் கொடுத்து வாங்கிய, பூட்டுப் போட்ட நூல் என்றால் இந்தத் திருத்தங்கள் எதையும் நீங்கள் செய்ய இயலாது. விற்றவரிடமோ பதிப்பகத்திடமோதான் கேட்க வேண்டும். அப்போது "நூல் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் "எங்களிடம் நன்றாகத் தெரிகிறது" என்ற பதிலே வரும். கருவியின் மாதிரிப் பெயர், அதன் மென்பொருள் பதிப்பு எண், தேர்ந்தெடுத்திருந்த எழுத்துரு, கெட்டுத் தெரியும் வரியின் ஒளிப்படம், அதே வரி வேறு கருவியில் எப்படித் தெரிகிறது என்பதற்கான இன்னொரு படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.